மரத்துப்போகும் ஊசியும் தமயந்தி மேடமும்

தமயந்தி மேடம் காலமான செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் காலையில், கர்ப்பிணிகள் ஓ.பி. நேரத்தில் வந்தது. நான் கையுறையோடு இருந்ததால் சிஸ்டர் மல்லிகா படித்துச் சொன்னார். அந்த நோயாளியை அனுப்பிவிட்டு நான் போனை எடுப்பதற்குள் கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. மேடத்திடம் திட்டு வாங்கி அழாத ஒருத்திகூட அந்த வரிசையில் இல்லை. "சாந்த சொரூபி" என்று ஒரு பழைய மாணவி எழுதியிருந்தாள். மேடம் அதைப் பார்த்திருந்தால் அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கிழித்திருப்பார். அவரை அறிந்த உங்களிடம் நான் எதற்குப் பூசி மெழுக வேண்டும்? பூந்தமல்லி சாலையில் இருக்கும் எங்கள் மருத்துவக் கல்லூரியில், அவர் தலைவராக இருந்த மகளிர் நலத் துறையில் பல வருடங்கள் வேலை பார்த்தவள் நான். அவரைப் பிடிக்காத நாட்கள்தான் அதிகம்.

அம்பத்தூர்ப் பக்கம் மண்ணூர்பேட்டையில் ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனி. எங்கள் துறை நடத்திய புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்குப் பெண்களை அனுப்ப முடியாது, வேலை கெடும் என்றார் மேனேஜர். மேடம் கம்பெனி கேட் அருகே வெயிலில் நின்றபடி அவரிடம், "உங்க பொம்பளைங்களுக்கு ரத்தம் போறப்ப மெஷின் ஓடுதுல்ல? அதை நாங்க பாக்குறப்பவும் ஓடும். அனுப்புங்க" என்றார். அனுப்பினார்கள். வந்த பெண்களையும் விட்டுவைக்கவில்லை. "ஆறு மாசமா ரத்தம் போகுதுன்னு சாதாரணமா சொல்றியே, புருஷனுக்குச் சளி பிடிச்சா அன்னிக்கே ஓடி வர்றல்ல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த முகாமால் பிழைத்தவர்கள் இன்றும் அம்பத்தூரில் இருக்கிறார்கள். அதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

அவருடைய பெரிய ஆய்வும் அந்தப் பெண்களை வைத்துத்தான் நடந்தது. கருப்பைக்குள் மெல்லிய குழாயை விட்டு, உள்சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்போம். அதற்கு முன்னால் மரத்துப்போகும் ஊசி போட வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. ஒரு பாதிப் பெண்களுக்கு ஊசி உண்டு, மறுபாதிக்கு இல்லை. முடிந்ததும் வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணை நானே கேட்பேன் என்றார் மேடம். அங்கேதான் எல்லாம் கெட்டது. வேலை முடியும்வரை "ஆடாத, காலை விரி, சத்தம் போடாத" என்று அதட்டுவார். முடிந்த அடுத்த நொடி ஆளே மாறிவிடுவார். அந்தப் பெண்ணின் முகவாயைப் பிடித்து, "அவ்ளோதான்டா தங்கம், முடிஞ்சுது. ரொம்ப வலிச்சுதா?" என்பார். புருஷனும் மாமியாரும்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். நம் ஊரில் எந்தப் பெண் அதற்கு ஆமாம் என்பாள்? "இல்ல மேடம்" என்று சிரிப்பார்கள். "ஒண்ணுன்னு போட்டுக்கோங்க" என்பார்கள். கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே சொல்வார்கள்.

நூர்ஜஹான் என்று ஒருத்தி, அந்தக் கம்பெனியில் தையல் வேலை, பூந்தமல்லிக்காரி. ஊசி போடாத பாதியில் வந்தாள். மேடத்திடம் "ரெண்டு" என்றாள். வெளியே வராந்தாவில் நாத்தனார் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவளை நான் கடந்துபோனேன்.

"ரெண்டுன்னு ஏன்டி சொன்ன? மூஞ்சியெல்லாம் வெளுத்துகினு கீது" என்றாள் நாத்தனார்.

"உசுரே பூட்சு. அந்தம்மா தாவாங்கட்டைய புட்சிகினு தங்கம்னு கேக்குது. எப்டிடி வலிச்சிதுன்றது? இன்னொரு வாட்டின்னா செத்தாலும் வரமாட்டேன்."

அன்றைக்கே மேடத்திடம் போனேன். குழாயை விடுபவர் வலியைக் கேட்கக் கூடாது, வேறு அறையில் முன்பின் தெரியாத ஒருவர் கேட்கட்டும் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரெஜினா, நான் அவங்க டாக்டர். எங்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவாங்க? வராந்தாவுல பேசறதெல்லாம் ஆராய்ச்சி ஆகாது."

இரண்டு பாதிக்கும் வலியில் வித்தியாசம் இல்லை என்று ஆய்வு முடிந்தது. மாநாட்டில் கைதட்டினார்கள். ஊசி எங்கள் ஓ.பி. தட்டிலிருந்து போனது. என்னிடம் வந்த பெண்களுக்கு மட்டும் நான் போட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்ததும் என்னைப் பிரசவ வார்டுக்குத் தூக்கி அடித்தார்.

இதற்கெல்லாம் முன்பே, நூர்ஜஹானுக்கு எடுத்த சவ்வு போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று பரிசோதனைக்கூடத்திலிருந்து சொன்னார்கள். ஆள் அனுப்பினோம். அவள் வரவில்லை. கடைசியில் நாத்தனார்தான் ஆட்டோவில் தூக்கி வந்தாள். அதற்குள் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. மேடம் அவள் கட்டிலருகே நின்று, "பயந்தாங்கொள்ளி. சின்ன வலிக்குப் பயந்து உசிர விடறா" என்றார். பக்கத்துக் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாக்கியத்துக்காக நான் அவரை இன்றும் மன்னிக்கவில்லை. இறந்தவர் என்பதற்காக மன்னிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

போன வருடம் மேடத்துக்கே ரத்தப்போக்கு. மாதவிலக்கு நின்று எத்தனையோ காலம் ஆனவர், அறிகுறி தெரிந்தும் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருக்கிறார். பிரசவ வார்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். "நீதான் எடுக்கணும். மத்தவளுங்களுக்குக் கை நடுங்கும்."

ஊசியை எடுத்து வைத்தேன். "அதை எடு அந்தப் பக்கம். என் ஆய்வை நானே நம்பலேன்னா வேற எவ நம்புவா?" என்றார். மல்லிகா என்னைப் பார்த்தார். நான் ஊசியை நகர்த்தினேன்.

குழாய் உள்ளே போனதும் மேடத்தின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தனை வருடத்தில் அவரிடம் நான் கேட்டிராத சத்தம். நிறுத்தட்டுமா என்றேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். முடிந்தபோது உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருந்தது, ஒரு கை மல்லிகாவின் மணிக்கட்டை விடவில்லை. நான் முகவாயைப் பிடிக்கவில்லை, தங்கம் என்று சொல்லவும் இல்லை. எட்ட நின்றே கேட்டேன்.

"எவ்வளவு மேடம்?"

கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"ரெண்டு" என்றார்.

அந்த நோயிலேயே போய்ச் சேர்ந்தார். இரங்கல் கூட்டத்தில் பரிசோதனை அறைக்கு அவர் பெயரை வைப்பதாக கல்லூரி முதல்வர் அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்றோம், நானும்தான். துறைப் பொறுப்பு என்னிடம் வந்ததும் முதல் வேலையாக அந்த அறைத் தட்டில் மரத்துப்போகும் ஊசியை வைக்கச் சொன்னேன்.

"மேடம் இருந்தா இன்னா சொல்வாங்க?" என்றார் மல்லிகா.

"திட்டுவாங்க. நீங்க வைங்க சிஸ்டர்."

அவரிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டேன் என்று கூட்டத்தில் கேட்டார்கள். உழைப்பு, நேர்மை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் சொல்கிறேன். நான் வைத்திருப்பது அந்த ரெண்டை. எந்தப் பெண்ணாவது வலி ரெண்டுதான் என்று சிரித்தால், நான் அவளை நம்புவதில்லை.