சூடேறினால் நின்றுவிடும் அண்ணன் குரல்

சூடான தூசியும் உருகும் மெழுகும் கலந்தாற்போல ஒரு வாசனை முதலில் வரும்; அடுத்த நிமிடம் அண்ணனின் குரல் மெலிந்து, கரகரத்து, அடங்கிவிடும். அந்தக் கத்திரி வெயிலில், ஊரை ஒட்டிய மலைப்பாறையின் அனலும் சேர்ந்துகொள்ள, கேசட் போடும் எங்கள் பழைய ஆம்ப்ளிஃபையர், அதாவது வீட்டாரின் "செட்டு", கால்மணி நேரத்துக்குமேல் பேசாது. ஆறினால் மறுபடி பேசும். "கரெண்டு கம்மியா வருது" என்று அப்பா ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார். அதற்கும் அது மசியவில்லை.

துபாய்க்குப் போன அண்ணன் பேசிப் பதிந்து அனுப்பிய முதல் கேசட் அது. செட்டு ஆறியதும் விட்ட இடத்திலிருந்து கேட்டால் தீர்ந்தது; ஆனால் அம்மா விடமாட்டாள். "புள்ள மொதல்ல அம்மான்னு கூப்புடறத உட்டுட்டு நடுவுல எதுக்குடி கேக்கணும்?" என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே போடச் சொல்வாள். ஒவ்வொரு முறையும் "அப்புறம் ஒரு விஷயம்" என்று அவன் தொடங்கும் இடத்தில் செட்டு "மக்கர்" செய்யும்.

பதினோரு வயதில் எனக்கு ஏது பொறுமை? அம்மா குழாயடிக்குப் போயிருந்த ஒரு மதியம், கேசட்டை முன்னால் ஓட்டிக் கேட்டுத் தொலைத்தேன். கார்த்திகை தீபத்துக்கு வரமாட்டானாம்; இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். அம்மாவோ தீபத்துக்குப் பிள்ளை வருகிறான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அன்றிலிருந்து, யாரும் பார்க்காதபோது செட்டுக்குப் போட்டிருந்த பூப்போட்ட உறையை இழுத்து அதன் காற்றுத் துளைகளை மூடிவிடுவேன். ஒருநாள் மழை பெய்து குளிர்ந்து, அது நிற்காமல் பேசிவிட்டால்? கேசட் ஓடும்போதெல்லாம் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை அப்பா செட்டின் மூடியைக் கழற்றிவிட்டுக் கேசட்டைப் போட்டார். குரல் மங்கியதும், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒவ்வொரு பாகத்தின்மேலும் வைத்துக் குளிரவைத்துப் பார்த்தார். கரெண்டை அளந்து கொடுக்கும் பகுதியில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர்மேல் வைத்தாரோ இல்லையோ, அண்ணன் பளிச்சென்று பேசினான். "இதாண்டி, சூடாயி மக்கர் பண்றது!" என்று அப்பா சிரித்தார். நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருக்கலாம்; அணைக்கவில்லை. பஞ்சு வைத்தபடியே இருக்க, அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு அழத் தொடங்கினான்.

"அந்தப் பஞ்ச எடுத்துடுங்க" என்றாள் அம்மா. அப்பா எடுத்தார். கொஞ்ச நேரத்தில் செட்டு சூடேறி, அண்ணனின் அழுகை தானாக அடங்கியது.

இன்று அம்மா இல்லை. கேசட்டும் பூசணம் பிடித்து வீணாகிவிட்டது. இருபத்திரண்டு வயது அண்ணனின் குரல் இனி எங்கும் கிடைக்காது. ஊருக்குப் பக்கத்திலேயே வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்ட அவன், போன மாதம் திடீரென்று கேட்டான்: "அந்தக் கேசட்ட அம்மா கடைசிவரைக்கும் கேட்டுச்சா?"

"இல்லண்ணா, செட்டு சூடாயி நின்னுடுச்சு" என்றேன்.