கேமராக்கா சொல்லும் ‘ரெண்டு’

வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் டெலஸ்கோப்பின் நுனியைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, துணியில் ஒற்றி, கேமராக்கா அதை வழக்கம்போல் மிரட்டுகிறாள். “உள்ள போய் பனி மூட்டிக்கிட்டு நின்னே, தொலைச்சிடுவேன்!” சுண்டுவிரல் தடிமனில் இருக்கும் அந்த உலோகக் குழல் பதில் பேசுவதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் பேச்செல்லாம் அவளுடையதுதான். மயக்க மருந்து கொடுப்பவரின் செருப்பிலிருந்து கேன்டீன் டீ வரை யாரையும் எதையும் விட்டுவைக்க மாட்டாள். குழல் தொப்புள் வழியே உள்ளே போனதும் அந்த வாய் மூடிக்கொள்ளும்.

வயிற்றைக் கிழிக்காமல் நாலு சின்னத் துளை போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைகளில் கேமரா பிடிப்பது அவள் வேலை. பித்தப்பைக் கல், குடல்வால், குடலிறக்கம், கருப்பைக் கட்டி, எது வந்தாலும் டாக்டருக்குக் கண் அவள்தான். வாயு ஏற்றி வயிற்றைக் கூடாரம் போல உப்ப வைத்த பிறகு, எல்லாரும் டிவித் திரையைப் பார்த்தபடிதான் வேலை செய்வார்கள். அவள் தும்மினால் திரையில் பூகம்பம். அதனால் தும்மல் வந்தால் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி விழுங்கிவிடுவாள். அதையெல்லாம் வீட்டுக்கு வந்து வட்டியோடு தும்முகிறாள் என்பது கணவரின் புகார்.

பித்தப்பை ஆபரேஷன் என்றால் அந்தத் தியேட்டருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வெட்டுவதற்கு முன் குழாயை இறுக்கி அடைக்கும் கிளிப்பைப் போடுமுன் டாக்டர் கையை நிறுத்தி, “எத்தனை?” என்பார். பித்தப்பைக்குப் போகவேண்டியவை இரண்டே இரண்டு: ஒரு குழாய், ஒரு ரத்தநாளம். சுற்றியிருக்கும் கொழுப்பை விலக்கி, இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தபின், “ரெண்டு” என்று கேமராக்கா வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேறு குழாயை வெட்டிவிட்டால் உயிருக்கே வினை. தெளிவாகத் தெரியவில்லையா, ஜம்பம் பார்க்காமல் வயிற்றைத் திறந்துவிடுவார்.

அவள் நாத்தனார், கணவருக்கு மூத்தவர் என்பதால் அவளுக்கு ‘அண்ணி’, பஸ் டிரைவர். “ஒரு பஸ் ஜனத்தை ஏத்திக்கிட்டு நான் ஓட்டுறேன். நீ டார்ச் அடிக்கிறே. அதுக்கு இத்தனை அலட்டலா?” என்று பார்க்கும்போதெல்லாம் குத்துவார். அந்த அண்ணிக்கே பித்தப்பையில் கல் வந்தது. வலி வந்தால் சுருண்டு விழுவார். ஆனாலும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. “பெரிசா கிழிச்சுட்டா மாசக்கணக்கா ஸ்டியரிங்கைத் தொட முடியாதாமே!” கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். “இவ கேமரா பிடிச்சா படுக்கறேன். இல்லேன்னா வலியோடவே கிடக்கறேன்.”

டாக்டர் யோசித்தார். “சொந்தக்காரங்கன்னா கை ஆடும். இன்னொருத்தரைப் பக்கத்துல நிறுத்திக்கிறேன். ஆடினா மாத்திடுவேன்.”

“டார்ச் அடிக்கத்தானே? அடிச்சுட்டாப் போச்சு” என்றாள் கேமராக்கா. உள்ளுக்குள் கிலி பிடித்து ஆட்டியது. அந்தக் கிலிக்கு நடுவிலும், அண்ணி தன்னைத்தான் கேட்டார் என்ற பெருமையை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

அன்று பித்தப்பை வீங்கி, கொழுப்போடு ஒட்டிக் கிடந்தது. டாக்டர் விலக்கினார், துடைத்தார், கையை நிறுத்தினார். “எத்தனை?”

“ஒண்ணரைதான் தெரியுது, டாக்டர்.”

“எனக்கும் அப்படித்தான் படுது.” மறுபடி விலக்கினார். “இப்போ?”

“ஒண்ணே முக்கால்.”

“இன்னும் கொஞ்சம் பார்ப்போம். சரிவரலேன்னா திறந்துட வேண்டியதுதான்.”

பக்கத்தில் மாற்று ஆள் கையுறையோடு காத்திருந்தாள். கேமராக்காவின் தோள்பட்டை கடுத்தது. டாக்டர் பித்தப்பையை மெல்லப் பிடித்து மறுபக்கம் புரட்ட, அவள் லென்ஸைத் திருப்பிக் கீழிருந்து காட்டினாள். கொழுப்பு விலகியது. குழாய் தனியாக, ரத்தநாளம் தனியாக, பின்னால் கல்லீரல் பளபளவென்று.

“ரெண்டு! ரெண்டேதான், டாக்டர்!” அவள் போட்ட சத்தத்தில் மயக்க மருந்துக்காரரே துள்ளி எழுந்தார். கிளிப் விழுந்தது. கல்லோடு பித்தப்பை ஒரு சின்னப் பைக்குள் போய், தொப்புள் துளை வழியே சமர்த்தாக வெளியே வந்தது.

சாயங்காலம் வார்டில் அண்ணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிற்றில் நாலே நாலு பிளாஸ்திரி.

“வயித்துல ஆபரேஷன். தோள் எதுக்குடி வலிக்குது?”

“உள்ள ஏத்தின வாயு கொஞ்சம் மிச்சம் இருக்கும் அண்ணி. தானா போயிடும்.” கேமராக்கா கட்டிலோரம் உட்கார்ந்து தோளை அமுக்கிவிட்டாள்.

“எப்போ பஸ் எடுக்கலாம்?”

“டாக்டர் சொல்லட்டும். சீக்கிரமே எடுத்துடுவீங்க.”

அண்ணி தன் தோளிலிருந்த கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “உன் கை என்ன இப்படி ஆடுது?” என்றார்.

“என் கையா? உங்க தோள்தான் ஆடுது. பஸ் ஓட்டின பழக்கம்.”

“சிரிக்க வைக்காதடி, தையல் இழுக்குது!” அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தோளிலிருந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டார்.