வெல்டனின் வாயால் போன பாதை

என் புருஷன் வெல்டன் பொய் சொல்லத் தெரியாதவன். ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவர்களா இவனோடு குடித்தனம் நடத்தினார்கள்?

நெவாடாவில் எங்கள் மாடுகள் அரசாங்க நிலத்தில்தான் மேய்கின்றன. கோடையில் பதினோரு மைல் தள்ளியிருக்கும் தொட்டிக்கு லாரியில் தண்ணீர் கொண்டுபோனால்தான் அவை பிழைக்கும். எழுபத்தொன்பதாம் வருஷம், வண்டி நுழையாத வனாந்தரமாக எந்த நிலத்தைக் காப்பது என்று கணக்கெடுக்க நில இலாகா கிளம்பியது. நடுவே பாதை ஓடினால் அந்த நிலம் வனாந்தரக் கணக்கில் சேராது. இல்லையென்றால் எங்கள் லாரிக்கு வழி கிடையாது.

மூன்று நாள் இலாகாவின் வெள்ளை வண்டி ஒன்று எங்கள் மேட்டில் நின்றது. யாரும் இறங்கி வரவில்லை.

நாலாம் நாள் ஹார்ட்லி என்ற அதிகாரி வந்து எங்கள் இருவரோடும் லாரியில் ஏறினாள். "கேட்டதுக்கு மட்டும் வாயத் திற," என்று வெல்டனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். தொட்டிக்குப் போகும் பாதையை அவள் இறங்கி இறங்கிப் படம் பிடித்தாள்.

"இதை யார் போட்டாங்க?"

"யாரும் போடல மேடம். எங்கப்பா ஓட்டினாரு, நான் ஓட்டுறேன். சக்கரம் போட்ட பாதை. மத்தவங்க மாதிரி புல்டோசர் விட்டு மண்ணைக் கெடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். நான் அவன் காலை மிதித்தேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மண்வெட்டியால ஒரு பள்ளம் மூடினதுகூட இல்லையா? சக்கரம் மட்டுமே போட்ட தடத்தை எங்க விதியில பாதைன்னு எழுத முடியாது."

நல்லவள். தப்பிக்க வழி காட்டினாள்.

வெல்டனின் முகம் வெளுத்தது. ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினான். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

"இல்ல மேடம். ஒரு தடவகூட இல்ல," என்றான்.

அவள் தலை குனிந்து எழுதினாள்.

அடுத்த வசந்தத்தில் வரைபடம் தபாலில் வந்தது. எங்கள் தடம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஜூன் முதல் வண்டிக்குத் தடை என்று கீழே எழுதியிருந்தது. நான் அவனைத் திட்டித் தீர்த்தேன்.

அவன் கொட்டகைக்குப் போய் மண்வெட்டியோடு வந்தான். அந்தத் தடத்திலேயே முதல் பள்ளத்தை மூட ஆரம்பித்தான்.

"படமெல்லாம் எடுத்துட்டுப் போயாச்சு. இப்ப எதுக்குடா இது?"

"நான் சொன்னது பொய்யாகட்டும்," என்றான்.