விழுங்கினால்தான் தெரியும்

என் பெரியம்மாவின் மூத்த பெண்ணைக் கட்டியவர், எனக்கு அத்தான் முறை. சந்தையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாக்குக்காரர் என்றால்தான் தெரியும். அவருடைய தகப்பனார் அதே கிழங்கு மண்டியில் மூட்டை தூக்கியவர். தகப்பனுக்கு முதுகு சோறு போட்டது, மகனுக்கு நாக்கு.

மண்டி என்றால் நீளமான தகரக் கொட்டகை, அதன் பின்னால் குளிர்கிடங்கு. உருளைக்கிழங்கை அதிகக் குளிரில் வெகுநாள் போட்டு வைத்தால் உள்ளுக்குள்ளே இனிப்பு ஏறிவிடும். வறுவல் போடுகிறவர்களுக்கு அது ஆகாது, எண்ணெயில் விழுந்ததும் கறுத்துப்போகும். அதனால் ஒவ்வொரு லோடிலும் சில கிழங்கை எடுத்து, உப்புக்கூடப் போடாமல் வேகவைத்து, அத்தான் தின்று பார்த்துச் சொல்வார். "போகும்" என்றால் லாரி கிளம்பும். "இனிக்குது" என்றால் ஏற்றிய மூட்டையெல்லாம் இறங்கும். சர்க்கரைவள்ளி, மரவள்ளி வந்தாலும் அவர் வாய்க்குத்தான் முதல் துண்டு. வறுத்துப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் வாங்க வருகிறவர்கள் அடுப்பை நம்பவில்லை, அவரை நம்பினார்கள்.

அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் அக்கா ஒரு சட்டம் போட்டாள். மண்ணுக்குள் விளைந்தது எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. கேரட், பீட்ரூட், முள்ளங்கி எல்லாம் போயிற்று. வெங்காயத்தைக்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"வேர்க்கடலையை விட்டுட்டியே, அதுவும் மண்ணுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு" என்பார் அத்தான்.

"ஒளிஞ்சிருக்கிறதெல்லாம் ஒருநாள் வெளிய வரும், சும்மா சாப்பிடுங்க."

சர்க்கரை இறங்கவில்லை. செருப்பு கடித்துக் கால் விரலில் வந்த புண்ணும் ஆறவில்லை. அக்கா அவரை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"வீட்டுல கேரட்டுகூட வாங்கறதில்லைம்மா."

"கேரட், முள்ளங்கியெல்லாம் அளவா சாப்பிடலாமே, யாரு நிறுத்தச் சொன்னது? உருளை, மரவள்ளி, அந்த மாதிரி மாவு நிறைஞ்சதுதான் சட்டுனு ஏத்தும். அதெல்லாம் நிறைய சாப்பிடறாரா?"

"கண்ணால பார்த்தே நாளாச்சு."

அத்தானும் தலையை ஆட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. ருசி பார்ப்பது சாப்பாட்டுக் கணக்கில் சேரும் என்று அவருக்கும் தோன்றவில்லை, மண்டியில் வேறு யாருக்கும் தோன்றியதில்லை. தச்சன் உடம்பில் மரத்தூள் ஒட்டுவது போல அது வேலையோடு வருவது.

ஒரு நாள் அவர் மாத்திரையை மறந்துவிட்டுப் போக, அக்கா எடுத்துக்கொண்டு மண்டிக்கே போனாள். தட்டு நிறைய ஆவி பறக்கும் துண்டுகள். சுற்றிலும் ஆட்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்க, அத்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது! முழுங்கறீங்களே!"

"ருசிதானே பார்க்கிறேன்? பசிக்கா திங்கறேன்?"

வெங்காயத்தோடு மல்லுக்கட்டிய அத்தனை நாளும் அக்காவின் கண்முன் வந்து நின்றிருக்கும்.

"பார்த்துட்டுத் துப்பிடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவரும் துப்பிப் பார்த்தார். அந்த வாரம் அவர் "போகும்" என்று அனுப்பிய லோடு கறுத்துப்போய்த் திரும்பி வந்தது. "இனிப்பு எனக்கு நாக்குல இல்லைம்மா. தொண்டையில இறங்கறப்பதான் பிடிபடுது" என்று அக்காவிடம் சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாராம். மண்டி முதலாளி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "என்னண்ணே, உங்க நாக்குக்கு லீவு விட்டுடலாமா?" புண் காலோடு மூட்டை தூக்க முடியாது. வேறு வேலை தெரியாது. அக்கா தானே ருசி பார்க்கிறேன் என்று ஒருநாள் போய் உட்கார்ந்தாள். "எனக்கு எல்லாமே கிழங்காத்தான் இருக்குது" என்று எழுந்து வந்துவிட்டாள். அவர் மறுபடி விழுங்க ஆரம்பித்தார்.

கடைசியில் விரலை எடுத்துவிட்டார்கள். இனியும் சர்க்கரை இறங்காவிட்டால் பாதத்தையும் எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

அவர் வீடு திரும்பியதும் நான் பார்க்கப் போயிருந்தேன். முதலாளியும் வந்தார். ஒரு கையில் பழப்பை, இன்னொரு கையில் எவர்சில்வர் டப்பா.

"ஒரே ஒரு லோடுண்ணே. வாசல்ல லாரி நிக்குது. உங்களை விட்டா எனக்கு யாரு?"

அக்கா "போங்க வெளிய" என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். வாயும் திறந்தாள். அத்தான் முகத்தைப் பார்த்தாள், கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். டப்பாவைத் திறந்து நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு கிள்ளி அவர் வாயில் வைத்தாள். அவர் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினாள்.

"துப்புங்க."

அத்தான் அவளையே பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது.

"போகும்" என்றார் முதலாளியிடம்.

முதலாளி டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அக்கா ஏந்திய கையை இன்னும் எடுக்கவில்லை.