கொப்லூ வருகிற வீடு

ஹெப்சி டீச்சரின் முழங்கால்களைத் தின்றது பள்ளிக்கூட மைதானம்தான். தாம்பரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சராகச் சேர்ந்து, ரிடையர் ஆகிற நாள் வரை விசிலும் கையுமாக வெயிலில் நின்றவர். மார்ச் பாஸ்ட், த்ரோபால், ஆண்டு விழாவுக்குப் பிரமிடு. பிரமிடு கட்டும்போது அடி வரிசையில் எப்படி மண்டியிட்டுத் தாங்க வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போக அவருக்குத் தெரியாது. தானே மண்டியிட்டு, முதுகில் பிள்ளைகளை ஏற்றிக் காட்டினால்தான் திருப்தி. அந்தத் திருப்தி இப்போது இரண்டு முழங்காலிலும் வலியாகக் குடியேறியிருந்தது.

படி என்றாலே பயம். சமதரையில் நடக்கலாம், நடந்தே ஆக வேண்டும், சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நடக்காமல் இருக்க டீச்சர் சொன்ன சாக்குகளைக் கேட்டு அலுத்துப்போன மகள் கிறிஸ்டி, ஒரு லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது அம்மாவின் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். பெயர் ஜிம்பாரா. போனைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தால் திரையில் விநோதமான பிராணிகள் எட்டிப் பார்க்கும். விரலால் வலையை வீசிப் பிடித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

"இந்த வயசுல எனக்கு இது தேவையாடி?" என்றார் டீச்சர். அடுத்த வாரமே, காய்கறி வாங்கப் போன இடத்தில், பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களை விலகச் சொல்லிவிட்டு ஒரு மூன்று கால் ஆந்தையைப் பிடித்தார்.

அந்தப் பிராணிக் கூட்டத்தில் மீன் மாதிரி ஒன்று உண்டு. அதுதான் கொப்லூ. உருண்டையான நீலப் பச்சை உடம்பு, கெளுத்திக்கு இருப்பது போல மீசை, நெற்றியில் ஒரு கொண்டை. பிடிபடப் போகிறோம் என்று தெரிந்தால் கன்னத்தை உப்ப வைத்து ஒரு பெரிய குமிழியை ஊதி, அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். குமிழியோ கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பது ஊருக்கே தெரியும், அதற்கு மட்டும் தெரியாது. டீச்சருக்குத் தன் பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் ஞாபகம் வந்துவிட்டது. காலை பிரேயரில் மைக்கைப் பிடித்துத் திட்ட ஆரம்பிக்கும் முன் அந்த அம்மாளுக்கும் கன்னம் இப்படித்தான் உப்பும். பிடித்த பிராணிக்கு நாமே பெயர் வைக்கலாம் என்றதும் யோசிக்காமல் அந்த அம்மாளின் பெயரையே, 'கிளாடிஸ்' என்று வைத்தார். பல வருஷக் கணக்கை அன்றைக்குத் தீர்த்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கொப்லூ கண்ட இடத்திலும் வராது. தண்ணீர் இருக்கிற இடத்தில் மட்டும்தான் வரும். அதற்காகவே கோவளம் வரைக்கும் போகிற ஆட்கள் உண்டு. டீச்சருக்கு அந்த அலைச்சல் இல்லை. அவர் கிளாடிஸைப் பிடித்தது தன் வீட்டு ஹாலில், ஷோகேஸுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிற மூலையில்.

கிறிஸ்டியிடம் போனில் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அது ஏதோ பழைய மேப் வச்சிருக்கும்மா. நம்ம தெருவையே ஏரின்னு நினைச்சிட்டிருக்கு!" சொல்லிவிட்டுச் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். டீச்சருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தத் தெருவை ஏரி என்று நினைத்துக்கொண்டிருந்தது விளையாட்டு மட்டும் இல்லை. ஏரியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

பெருங்களத்தூரிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் ஏரியாக இருந்த நிலத்தில் இருக்கிறது எலிம் நகர். ஒரே சபையைச் சேர்ந்த டீச்சர்களும் ஆபீஸ்காரர்களும் சேர்ந்து மனை வாங்கி, வேதாகமத்தைப் புரட்டிப் பெயர் வைத்தார்கள். இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் களைத்துப் போய் இளைப்பாறிய இடம் எலிம். அங்கே பேரீச்ச மரங்கள் இருந்தன, நீரூற்றுகளும் இருந்தன. பெயர் வைத்தவர்கள் மரத்து நிழலை நினைத்து வைத்தார்கள். வந்ததென்னவோ நீரூற்றுதான்.

பெருமழை பெய்த இரண்டு டிசம்பர்களில் எலிம் நகருக்குள் தண்ணீர் புகுந்தது. முதல் தடவை டீச்சர் தானாகவே மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். இரண்டாம் தடவை முடியவில்லை. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். கீழே சோபா மிதந்து போய் ஷோகேஸில் இடிப்பதைப் பார்த்துக்கொண்டே, கணவர் யேசுதாசனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எத்தனையோ பிள்ளைகளை "ஓடு, ஓடு" என்று விரட்டிய வாய் அன்றைக்கு "என்னால முடியலங்க" என்றது. அந்த அவமானத்தை அவரால் மறக்கவே முடியவில்லை.

தண்ணீர் வடிந்தது, சுவரில் இடுப்பளவுக்கு நின்ற கறை மட்டும் போகவில்லை. எத்தனை கோட் அடித்தாலும் மேலே எழுந்து வந்தது. யேசுதாசன் யோசித்து, கறை வரைக்கும் பழுப்பு, அதற்கு மேலே க்ரீம் என்று இரண்டு நிறத்தில் அடித்துவிட்டார். பக்கத்து வீடுகளும் அதையே செய்தன. வெளியாட்கள் அதை அந்தப் பகுதியின் ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டை விற்றுவிட்டு மெயின் ரோட்டுப் பக்கம் லிஃப்ட் இருக்கிற ஃப்ளாட்டுக்குப் போய்விடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஃப்ளாட்டையும் பார்த்துப் பேசி வைத்தாயிற்று. இந்த வீடு போனால்தான் அந்த வீடு. டீச்சர் அந்த லிஃப்டைப் பற்றிக் கனவே கண்டார். பித்தானை அழுத்துகிறார், மேலே போகிறார், முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

தெற்குச் சென்னைப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தண்ணி வருமா?" குழாயில் வருமா, போர்வெல்லில் வருமா, கோடையில் லாரிக்கு அலைய வேண்டுமா என்று அதற்கு அர்த்தம். வீட்டுத் தரகர் லோகநாயகி அதற்குப் பதிலும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"தண்ணிக்குப் பஞ்சமே கெடையாதுன்னு சொல்லுங்க மேடம். இதுல இன்னா பொய் கீது? மெய்தானே?"

மெய்தான். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் டீச்சரை உறுத்தியது. ஆனாலும் வந்தவர்களிடம் அவர் அதைத்தான் சொன்னார். அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு அவர்கள் திரும்பி வராமல் போனபோது, ஏமாற்றத்தோடு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது.

ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, லோகநாயகி சோயாவைக் கூட்டி வந்தாள். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. கேளம்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். கணவர் அசாருக்கு அன்று ஷிப்ட் என்பதால் தனியாக வந்திருந்தாள். செருப்பைக் கழற்றினாள், வாயைத் திறந்தாள். கேள்வி வரப்போகிறது என்று டீச்சர் தயாரானார். அதற்குள் சோயாவின் கைப்பையில் போன் 'குளுக்' என்றது. டீச்சருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

"ஐயோ ஆன்ட்டி! உங்க ஹால்ல கொப்லூ!"

"ஷோகேஸ் பக்கம் பாரும்மா. அங்கதான் நிக்கும்."

சோயா அப்படியே திரும்பிப் பார்த்தாள். தன் அம்மா வயதுள்ள ஒருத்தி, புடவையில் போனைத் துடைத்துக்கொண்டு, "வலையை நேரா வீசாத, குமிழி விட்டுரும். சைடுல வீசு" என்று சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிடித்தாள். கிளாடிஸ் கதையைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். லோகநாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வீடு வாங்க வந்தவள் சிரிக்கிறாள் என்பது விளங்கியது. அவளும் சிரித்தாள்.

டீ குடிக்கும்போது சோயா சொன்னாள். "எவ்வளவு வீடு பார்த்துட்டோம் ஆன்ட்டி. எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. பேரைச் சொன்னதும், சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கிறதா முடிவாகிடுச்சும்பாங்க. நீங்கதான் முதல்ல உட்காருன்னு சொன்னீங்க." பிறகு மூலையைக் காட்டினாள். "எங்க மாமனாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் வரல. இப்ப இருக்கிறது மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. வெளியுலகத்தையே அவர் பார்க்கல. தரைத்தளமா இருந்தா அந்த ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டுடலாம். தெருவைப் பார்த்துட்டு இருப்பார்."

ஷோகேஸுக்கும் ஜன்னலுக்கும் நடுவே. கொப்லூ நிற்கிற அதே மூலை. டீச்சர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"சுவர்ல இந்த டூ டோன்கூட அழகா இருக்கு" என்றாள் சோயா, போகும்போது.

தண்ணீரைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அன்று சாயங்காலமே போன் வந்தது: வீடு பிடித்திருக்கிறது, அடுத்த வாரம் அசாரோடு வந்து பேசி முடிக்கிறோம். யேசுதாசன் எழுந்து வந்து டீச்சரின் தலையில் கை வைத்து, "ஆண்டவர் கண் திறந்துட்டார் ஹெப்சி" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த மனிதரைப் பார்க்க டீச்சருக்குப் பாவமாக இருந்தது, தன்னைப் பார்க்கவும்தான்.

அந்த வாரம் முழுவதும் டீச்சர் கடவுளோடு பேரம் பேசினார். 'ஆண்டவரே, அவங்க கேட்டா நான் சொல்லிடறேன். கேக்கலன்னா நீர் என்னைக் கேக்கக் கூடாது.' வேறு யாரிடமும் பேசியிருந்தால் இது நியாயமான பேரம்தான். எதிரில் இருந்தவர் பதிலே சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அசாரும் சோயாவும் லோகநாயகியோடு வந்தார்கள். அசார் அதிகம் பேசாத பையன். கையில் அளவு டேப் கொண்டு வந்திருந்தான். அப்பாவின் கட்டில் மூலையில் அடங்குமா என்று நீளம் பார்த்தான், அகலம் பார்த்தான், ஜன்னல் கட்டைக்குக் கீழே நிற்குமா என்று உயரமும் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"ஒண்ணு கேக்கவே மறந்துட்டோம் ஆன்ட்டி. தண்ணி வருமா?"

"தண்ணிக்குப் பஞ்சமே கெடையாது தம்பி!" என்று லோகநாயகி முந்திக்கொண்டாள்.

கேள்வி குழாயைப் பற்றியது, பதிலும் வந்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். யேசுதாசன் டீச்சரைப் பார்த்த பார்வையில் அந்தக் கெஞ்சல் இருந்தது. டீச்சர் நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்தார், மூலைக்குப் போனார், பழுப்பு முடிந்து க்ரீம் தொடங்குகிற கோட்டில் கையை வைத்தார்.

"குழாயில நல்லாவே வரும் தம்பி. பெரிய மழைன்னா இங்கயும் வரும். இந்தக் கோடு வரைக்கும். கட்டில் உயரம் அளந்தீங்களே, இதையும் அளந்து பாருங்க."

அசார் டேப்பை எடுக்கவில்லை, கண்ணாலேயே அளந்தான். சோயா சுவரைப் பார்த்தாள், தெருவில் எதிர் வீட்டுச் சுவரையும் பார்த்தாள். அதிலும் அதே பழுப்பு, அதே உயரம்.

"அப்போ கொப்லூ இங்க வர்றது..." என்றாள்.

"அதுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரியும்மா. போன வாரமே சொல்லியிருக்கணும்."

நன்றி என்றெல்லாம் அவர்கள் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். சோயாவின் முகத்தில் கோபமா வருத்தமா என்று டீச்சரால் கண்டுபிடிக்க முடியவில்லை. லோகநாயகி மட்டும் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "வாயில கொழுக்கட்டைய வச்சுகினு சும்மா இருந்திருக்கக் கூடாதா மேடம்? பேஜாராப் போச்சு!"

பேசி வைத்திருந்த ஃப்ளாட் வேறு யாருக்கோ போனது. யேசுதாசன் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நானா இருந்தா சொல்லியிருப்பேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொன்னது சரிதான்" என்றார். டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது. முழங்காலுக்கு மட்டும் போதவில்லை.

அக்டோபரில் ஜிம்பாரா தன் மேப்பைப் புதுப்பித்தது. திரையில் நீலமாக இருந்த எலிம் நகர், வீடும் தெருவுமாகச் சாம்பல் நிறத்துக்கு மாறியது. கொப்லூ அதற்குப் பிறகு ஹாலுக்கு வரவில்லை. இந்தத் தெருவில் தண்ணீர் இல்லை என்று அதை நம்ப வைத்துவிட்டார்கள். ஏரியிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. டிசம்பர் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் காலையில் தெருமுனைச் சாக்கடை நிரம்பி வாசல்படியைத் தொட்டது. யேசுதாசன் அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் மாடிப்படியின் அடியில் நின்று அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. சோயா.

"ஆன்ட்டி, தண்ணி வருமா?"

டீச்சருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. இந்த மழையில் யார் வீடு பார்ப்பார்கள்? "யார் வீட்டுக்கும்மா?"

"உங்க வீட்டுக்குத்தான். இந்த மழைக்கு வருமா?"

"வாசலுக்கு வந்துடுச்சு" என்றார் டீச்சர்.

"அப்போ ரெடியா இருங்க. இவர் கார் எடுத்துட்டுக் கிளம்பிட்டார். நாங்க இப்ப பெருங்களத்தூர்லதான் இருக்கோம், லோகநாயகி அக்காதான் பிடிச்சுக் கொடுத்தாங்க. மாமா ரூம் பக்கத்துல உங்களுக்கு ஒரு ரூம் ஒழிச்சாச்சு." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "லிஃப்ட் இருக்கு ஆன்ட்டி."

டீச்சர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மே மாதத்தில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். யேசுதாசன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"யாரு ஹெப்சி? என்னவாம்?"

"தண்ணி வருமான்னு கேக்குறாங்க."

"இப்ப போயா வீடு வாங்கறாங்க?"

"இல்லங்க" என்றார் டீச்சர். "நம்மளக் கூட்டிட்டுப் போக. பையை எடுங்க."