பன்னிரண்டு நாற்காலியும் இருநூறு சீட்டும்

அருங்காட்சியகத்தின் சம்பளப் பட்டியலில் அவருக்கு 'அரங்கப் பணியாளர்' என்று பெயர். ஊரில் அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நாற்காலி அண்ணன் என்று கேட்க வேண்டும். சனிக்கிழமைதோறும் மாலை அருங்காட்சியகத்துப் பின்கூடத்தில் ஒரு பேச்சு நடக்கும். அதற்கு நாற்காலி போடுவது, முடிந்ததும் எடுத்து அடுக்குவது, நடுவில் மைக் கரகரத்தால் ஓடிப்போய் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவது, இவ்வளவுதான் வேலை. பதினொரு வருடமாகச் செய்கிறார். நாற்காலி போடுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கிறவர்கள், முக்கால்வாசி காலியாகக் கிடக்கும் கூடத்தில் ஒரு தடவை நின்று பேசிப் பார்க்கட்டும்.

அண்ணனிடம் வித்தை இருந்தது. வாசல் பலகையில் 'வரும் நிகழ்ச்சிகள்' என்று மாதப் பட்டியல் ஒட்டியதும் தலைப்பை ஒரு பார்வை பார்ப்பார். எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லிவிடுவார். 'பழைய நாணயங்கள்' என்றால் பதினெட்டு. 'பானை ஓட்டுக் கீறல்கள்: ஒரு மறுபார்வை' என்றால் ஏழு, அதில் ஒருத்தர் பேச்சாளரின் மனைவி. மழை பெய்தால் நாலு கூட்டிக்கொள்வார், ஒதுங்க வருகிறவர்களும் மனிதர்கள்தானே. கணக்கு வந்ததும் அத்தனை நாற்காலி மட்டும் போடுவார். கை கால் நீட்டிக்கொள்ள இடம் விட்டு, வளைவாக, கூடம் முழுக்கப் பரவினாற்போல. மிச்சமெல்லாம் திரைக்குப் பின்னால். பேச்சாளர் வந்து பார்த்தால் ஒரு நாற்காலிகூடக் காலியிருக்காது. தப்பித்தவறி ஒருவர் கூடுதலாக வந்துவிட்டால் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்காலி வரும். "இடமில்லாம நாற்காலி கொண்டுவந்து போட்டாங்க" என்று அந்தப் பேச்சாளர் ஒரு வருடம் சொல்லிக்கொண்டு திரிவார்.

பேச்சு முடிந்ததும் தலைமை அலுவலகத்துக்கு ஒரு படிவம் போக வேண்டும். அதில் கூட்டம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. 'இருக்கைகள் நிறைந்தனவா?' என்றுதான் கேட்டிருக்கும். எந்த மகராசன் தயாரித்த படிவமோ! அண்ணன் ஒவ்வொரு வாரமும் 'முழுவதும் நிறைந்தன' என்று எழுதுவார், காப்பாட்சியர் மேடம் கையெழுத்துப் போடுவார். பதினொரு வருடத்தில் ஐந்நூறுக்கு மேல் படிவம். ஒன்றில்கூடப் பொய் கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு புதன்கிழமை காலை மேடம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். 'நம் அருங்காட்சியகங்களிலேயே வாராவாரம் அரங்கு நிறைவது தங்களிடம் மட்டுமே. எனவே ஊர் ஊராகச் செல்லவிருக்கும் கடிகாரக் கண்காட்சி முதலில் தங்களுக்கே, மூன்று மாதத்துக்கு, தரப்படுகிறது. தொடக்க விழாப் பேச்சுக்கு இயக்குநர் நேரில் வருகிறார். இருநூறு நாற்காலிகள் லாரியில் அனுப்பப்படும். வரவேற்பு போதாது எனத் தெரிந்தால் கண்காட்சி ஒரே வாரத்தில் அடுத்த ஊருக்கு மாற்றப்படும்.'

அண்ணன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஆறு வருஷமா இந்தக் கடிகாரத்தையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கேண்ணே" என்றார் மேடம். "மணல் கடிகாரம், தண்ணிக் கடிகாரம், ஆள் உயரத்துக்குப் பெண்டுலம். நான் எழுதின கடுதாசிக்கெல்லாம் வராதது உங்க படிவத்துக்கு வருது. போன வாரம் எத்தனை பேரு?"

"பன்னிரண்டு மேடம். தூங்கினவரையும் சேத்து."

மேடம் சிரிக்கவா அழவா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "இருநூறுல பன்னிரண்டு பேர் உக்காந்திருந்தா கடிகாரம் மட்டும் போகாதுண்ணே. சனிக்கிழமைப் பேச்சையே இழுத்து மூடிடுவாங்க. விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் சோறு தீரும்போது தெரியத்தானே செய்யும். அண்ணன் மறைக்க நினைத்துச் செய்யவில்லை. பேசுகிறவர் மனசு சுருங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அதை இயக்குநரிடம் எப்படிச் சொல்வது? அன்று வீட்டுக்குப் போனவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி ஊராருக்குத் துணி தைக்கிறவர், கேட்கும்போதும் மிஷினை நிறுத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "நீங்க போடற பேச்சுக்கு யாருங்க வருவா?" என்றார். "நானே ஒரு நாள் வந்ததில்லை. உள்ள வந்தா எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. செத்துப்போனவங்க கரண்டிக்குக்கூடச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கு. உசுரோட இருக்கறவங்களுக்கு ஒரு வரி எழுத நாதியில்லை."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சொன்னே?"

"சும்மா சொன்னேன், விடுங்க."

"இல்ல, திருப்பிச் சொல்லு."

அருங்காட்சியகத்துச் சீட்டுக்கு ஒரு முறை உண்டு. பொருள், காலம், கிடைத்த இடம், நிலை என்று நாலே வரி. அதைப் பதினொரு வருடமாகப் பார்த்துப் பார்த்து அண்ணனுக்கு மனப்பாடம். அதே அட்டையில், அதே முறையில், ஊர்க்காரர்கள் இருநூறு பேருக்குச் சீட்டு எழுதி நாற்காலி முதுகில் குத்திவிடுவது என்று முடிவு செய்தார். மறுநாள் விஷயத்தைக் கேட்டதும் மேடம் அட்டைக் கட்டை எடுத்து நீட்டி, "யார் மனசும் நோகாம எழுதுங்க" என்று மட்டும் சொன்னார்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அண்ணனுக்கு எழுதும் அளவுக்குத் தெரிந்த முகங்கள் அந்தப் பன்னிரண்டுதான். மீதிக்கு மனைவி இருந்தார். "இந்த ஊர்ல பாதிப் பேர் இடுப்பளவு எனக்குத் தெரியும், கதை தெரியாதா?" என்று அவர் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதினார். ஒரு நாளைக்கு இருபது சீட்டு. சிரிப்புச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு ஆயிற்று.

சீட்டை அவர் யார் கையிலும் கொடுக்கவில்லை. கடை கடையாகப் போய்ச் சொல்ல மட்டும் செய்தார். "உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கேன். உங்களைப் பத்தி ஒரு சீட்டும் இருக்கு."

"என்ன எழுதியிருக்கீங்க?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"சனிக்கிழமை வந்து பாருங்க."

"நல்லதா, கெட்டதா? அதையாவது சொல்லிட்டுப் போங்க."

"வந்து பாருங்க டாக்டர்."

பல் டாக்டருக்கு அந்த வாரம் வேலையே ஓடவில்லை என்று பின்னால் கேள்வி. 'என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கும்' என்பதைவிடப் பெரிய கேள்வி மனிதனுக்கு ஏது? எவ்வளவு பெரிய ஞானியாக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் எட்டித்தான் பார்ப்பார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அண்ணன் இருநூறையும் நூல் பிடித்தாற்போல் போட்டு முடித்தார். நாலரைக்கு ஒருத்தரும் இல்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து அவருக்குக் கால் ஓய்ந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில், வழக்கமாகத் தூங்குகிற ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் வந்து தன் நாற்காலியைத் தேடிப் படித்தார். 'பொருள்: கண்டக்டர். காலம்: விசில் ஊதிய காலம். கிடைத்த இடம்: மூன்றாவது வரிசை. நிலை: பத்து நிமிடத்தில் தூங்கிவிடும், எழுப்ப வேண்டாம்.' அவர் சிரித்த சிரிப்பு தெரு வரைக்கும் கேட்டது.

அப்புறம் வந்தார்கள் பாருங்கள்! ரொட்டிக் கடை அம்மா, கணக்கு வாத்தியார், கடிகாரம் பழுது பார்க்கிறவர், கைக்குழந்தையோடு தபால்காரர் என்று இருநூறும் தாண்டிற்று, சீட்டு இல்லாதவர்கள் சுவரோரம் நின்றார்கள். உட்காருவதற்கு யாருக்கும் மனமில்லை. தன் சீட்டைப் படித்துவிட்டு அடுத்தவர் சீட்டைப் படித்தார்கள், படித்ததை உரக்கச் சொன்னார்கள். இரும்புக் கடை அண்ணனும் தம்பியும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒட்டிப் போட்ட இரண்டு நாற்காலி, நடுவில் ஒரே சீட்டு. 'பொருள்: அண்ணன் தம்பி. காலம்: ஒன்பது வருடத்துக்கு முன். கிடைத்த இடம்: ஒரே வீடு. நிலை: இரண்டு துண்டு. ஒட்டினால் ஒட்டும்.' அண்ணன்காரர் படித்தார். தம்பிக்காரருக்குக் கண்ணாடி இல்லை. "என்ன எழுதியிருக்கு?" என்று பக்கத்தில் பார்த்துக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்பது உறைத்தது. அண்ணன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்துக் காட்டினார்.

இந்தக் கலகலப்பில் இயக்குநர் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் பாட்டுக்கு வரிசை வரிசையாகச் சீட்டுப் படித்துக்கொண்டு வந்து, அண்ணன் பக்கத்தில் நின்றார். "எப்பவுமே இப்படித்தானா?"

மேடம் கண்ணால் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அண்ணனுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் வாய் நின்றிருக்காது. "இல்லைங்க சார். எப்பவும் பன்னிரண்டு. அதுக்கேத்த நாற்காலிதான் போடுவேன். அதான் நிறைஞ்சுடும்."

இயக்குநர் அவர் பக்கம் திரும்பினார். "அந்தப் படிவத்தைத் தயாரிச்சது நான்தான்" என்றார். "பதினொரு வருஷமா அதுல ஆள் எண்ணிக்கை கேக்கணும்னு எனக்குத் தோணலையே!" சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், தோள் குலுங்கியது. "சரி, இன்னிக்கு என்ன எழுதுவீங்க?"

"முழுவதும் நிறைந்தனன்னுதான் சார். நிக்கிறவங்களுக்குப் படிவத்துல இடமில்லை."

"கடிகாரம் மூணு மாசமும் இங்கயே இருக்கட்டும். சனிக்கிழமைப் பேச்சும் நடக்கட்டும்" என்றார் இயக்குநர். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கு ஒரு சீட்டு எழுதலையா?" என்று கேட்டார். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பேச்சு தொடங்க மணி அடித்தது. பேச்சாளர் எழுந்தார். வழக்கம்போலத் திரை ஓரம் போய் நிற்கப் போன அண்ணன் சட்டென்று நின்றார். முதல் வரிசையில் யாரோ கூடுதலாக ஒரு நாற்காலி போட்டு வரிசையைக் கெடுத்திருந்தார்கள். லாரியில் வந்தது இல்லை, திரைக்குப் பின்னால் கிடந்த பழைய நாற்காலி. எந்த அறிவுகெட்டவன் வேலை இது என்று முணுமுணுத்துக்கொண்டே எடுக்கப் போனார். அதன் முதுகிலும் ஒரு சீட்டு இருந்தது. துணியில் கோடு போடுகிற நீலப் பென்சில் எழுத்து.

'பொருள்: நாற்காலி போடுகிறவர். காலம்: பதினொரு வருடம். கிடைத்த இடம்: திரைக்குப் பின்னால். நிலை: இதுவரை உட்கார்ந்ததில்லை.'

பக்கத்து நாற்காலியில் புதுச் சேலை கட்டி மனைவி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைப்பதற்குள் மைக் கரகரவென்றது. பழக்க தோஷம், பாதி எழுந்துவிட்டார். மனைவி சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க. அவரே தட்டிக்குவாரு."

பேச்சாளர் மைக்கின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அது சரியாகிவிட்டது.