ஏரிக்குப் போனோம், உம்றாவுக்கு அல்ல

பொய் சொன்னது என் மனைவியின் காக்கா, அவளுக்கு மூத்த அண்ணன். நான் இல்லை. அவள் இல்லவே இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். ஊர் மற்றதையெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டது.

போன சனிக்கிழமை பின்நேரம் கல்முனைக் கடற்கரையில் ஒருவன் கரியடுப்பு வைத்துச் சோளன் சுட்டுக்கொண்டிருந்தான். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். பின்னால் இருந்த என் மனைவி நசீரா அந்த வாசம் வந்ததுமே என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"வீட்ட போவம்."

"வந்ததும் வராததுமாவா? ஒரு சோளன் தின்னுவமே."

"எனக்கு வேணாம். போவம்."

மணலில் கால்கூட வைக்காமல் திரும்பினோம். வழியெல்லாம் எனக்கு மூக்குக்குள் அதே வாசம்தான். நேபாளத்தில் பொக்காரா என்றொரு ஊர். அங்கே ஏரிக்கரையில் ஒரு பெண் சோளன் சுட்டு, தேசிக்காய்ப் பாதியை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டு, அதன்மேல் தேய்த்துத் தருவாள். நசீரா அதை நடு ரோட்டில் நின்றுகொண்டு தின்றாள். எங்கள் ஊரில் அவள் ரோட்டில் நின்று தண்ணீர்கூடக் குடித்தவள் இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் அங்கே போய் இருப்பான். நானும் பெட்டியோடு போனேன். ஒரே வேலிக்குள் இருந்த அந்த வளவில் மாமி இருந்தார், மனைவிக்கு அக்காவான ராத்தா ஒரு வீட்டில், தங்கச்சி இன்னொரு வீட்டில். எல்லோரும் நல்ல மனிசர், குறை சொல்லவில்லை. ஆனால் நானும் நசீராவும் மட்டும் இருந்து ஒரு நேரச் சோறு தின்றதில்லை. ஒரு சண்டைகூட முழுசாய்ப் பிடித்ததில்லை. பாதியில் யாராவது தேங்காய் கேட்டு வந்துவிடுவார்கள். பிறகு நான் கத்தாருக்குப் போய் ஏசி திருத்தினேன். இளமை முழுக்க அங்கே போயிற்று. விடுமுறையில் வந்தால் வீடு நிறையச் சனம்.

ஊரோடு வந்து சேர்ந்த பிறகு ஒருநாள் கேட்டேன், "உனக்கு எங்க போகணும்?" அவள் யோசிக்கவே இல்லை. "ஒருத்தரும் வந்து கதவு தட்டாத எடத்துக்கு" என்றாள்.

கத்தாரில் என்னோடு அறையில் இருந்த நேபாளி ஒருவன் தன் ஊர் ஏரியின் படத்தைக் கட்டிலுக்கு மேல் ஒட்டி வைத்திருந்தான். ஏரிக்குள் பனிமலை தலைகீழாய்க் கிடக்கும். அதுதான் ஞாபகம் வந்தது. ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு. அவ்வளவுதான் கேட்டோம் உலகத்திடம்.

நசீராவின் காக்காவான என் மச்சானிடம் சொன்னபோது அவருக்கு முகம் கறுத்தது. பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிறவர். வீட்டில் கலியாணப் பேச்சுக்குப் பெண் பிள்ளை. தங்கச்சி ஊர் சுற்றப் போனாள் என்ற பேச்சு வரக்கூடாது அவருக்கு.

"வயசு போன நேரத்துல என்ன மச்சான் இது? குளம் பாக்கணும் என்டா இங்கினியாகலயில தண்ணி இல்லயா?"

"இங்கினியாகலக்குப் போனா பின்னால ரெண்டு வேன் வரும் மச்சான். முழுக் குடும்பமும் சோத்துப் பானையோட."

அவர் சிரிக்கவில்லை. அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

வியாழக்கிழமை, கொழும்பு பஸ்ஸுக்கு முன்னால், வீடு நிறைய ஆட்கள். பயணம் போகிறவரிடம் தங்களுக்காகவும் பிரார்த்தித்துத் துஆ செய்யக் கேட்பது எங்கள் வழக்கம். நான் கத்தாருக்குப் போகும்போதும் அப்படித்தான் கேட்டார்கள். அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பக்கத்து வளவு செய்னம்பு மாமி நசீராவைக் கட்டிப்பிடித்து அழுதார். "கால் நோவு தாங்க ஏலா மகள். எனக்கென்டு ஒருக்காக் கேளு." நசீரா தலையாட்டினாள். பஸ்ஸில், "பாவம், எவ்வளவு பாசம்" என்றாள். நானும் ஓம் என்றேன்.

பொக்காராவில் முதல் நாள் மலையைக் காணவில்லை, முழுக்க மேகம். குளிர் வேறு. கத்தாரில் ஊருக்கே குளிர் போட்டுக் கொடுத்தவன், அங்கே சாறனுக்கு மேல் சாறன் கட்டிக்கொண்டு பற்கள் அடிக்க நின்றேன். ஒரு மரத்தோணி வாடகைக்கு எடுத்தோம். கடலோரத்தில் பிறந்தவன், துடுப்பு பிடிப்பது என்ன பெரிய காரியம் என்று தோணிக்காரனைக் கரையிலேயே நிற்கச் சொன்னேன். தோணி வட்டம் சுற்றியது. மற்றப் பக்கம் வலித்தேன், மற்றப் பக்கம் சுற்றியது. நசீரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வீட்டில் அவள் முந்தானையால் வாயைப் பொத்தித்தான் சிரிப்பாள்.

கடைசியில் தோணிக்காரனே ஏறி வலித்தான். என் அரைகுறை ஹிந்தியில் அவனோடு கதைத்தேன். "புது மாப்பிள்ளை பொண்ணா?" என்று அவன் கேட்டதை மொழிபெயர்த்துச் சொன்னதும் நசீரா வெட்கப்பட்டுத் தண்ணீரை அள்ளி என் மேல் அடித்தாள்.

"இஞ்ச ஒருத்தருக்கும் நான் ஆரென்டு தெரியா" என்றாள் பிறகு, தண்ணீரில் கை விட்டபடியே. "எவ்வளவு நல்லாரிக்கு."

இரண்டாம் நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டுத் தோணியில் ஏறினோம். மேகம் விலகி மலை முழுசாய் நின்றது, ஏரிக்குள்ளும் நின்றது. நசீரா சுபஹானல்லாஹ் என்று மட்டும் சொன்னாள். பிறகு தோணிக்குள் இருந்தே இரண்டு கையையும் ஏந்தினாள். ஒவ்வொருவராய்ப் பேர் சொன்னாள். செய்னம்பு மாமியின் கால், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பரீட்சை, ராத்தாவின் சீனி வியாதி. ஒருவரையும் விடவில்லை. கடைசியில், "காக்காட மகளுக்கு நல்ல எடம் சரிவரணும் யா அல்லாஹ்." சந்தோசம் பார்க்கப் போன இடத்திலும் ஊரைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

திரும்பி வந்த அன்று வாசலில் சனம். எல்லோரும் என் தலையைத்தான் பார்த்தார்கள். எனக்கு விளங்கவில்லை.

"ஏன் மகன், தல மழிக்கல்லயா?" செய்னம்பு மாமிதான் கேட்டார்.

"ஏரி பாக்கப் போனதுக்கு ஏன் மாமி மொட்ட?"

"ஏரியா? நீங்க மக்காவுக்கு, உம்றாவுக்கெல்லவா போன? ஸம்ஸம் தண்ணி, ஈத்தம்பழம் தருவீங்க என்டு வந்தம்."

உம்றா முடித்தவன் தலை மழித்துக்கொண்டுதான் வருவான். அப்போதுதான் கதை வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை நாங்கள் விமானத்தில் இருந்த நேரம், ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மச்சான் பள்ளிவாசல் மைக்கில் அறிவித்திருக்கிறார்: தங்கச்சியும் மச்சானும் உம்றாவுக்குப் போயிருக்கிறார்கள், துஆ செய்யுங்கள் என்று. அதற்கு முதலே வீடு வீடாகவும் சொல்லியாயிற்று. நாலைந்து நாளில் எப்படி உம்றா என்று கேட்டவருக்கு, "இப்ப பேக்கேஜ் அப்படித்தான்" என்று பதில். நாங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் அறிவித்தார் என்று ஊர் நம்பிவிட்டது. மாமி வெறும் போத்தலோடு திரும்பிப் போனார். நசீரா அவர் பின்னால் ஓடி, "மாமி, உங்கட காலுக்குக் கேட்டன், சத்தியமாக் கேட்டன்" என்றாள். மாமி திரும்பிப் பார்க்கவில்லை.

தேத்தண்ணிக் கடையில் என்னைக் கண்டால், "என்ன ஹாஜியார், ஏரியில எத்தின தவாபு?" என்பார்கள், கஃபாவைச் சுற்றி வருவது போல. தோணி சுற்றிய கதையை நானேதான் சொல்லியிருந்தேன், மடையன். எனக்கு அது பெரிதில்லை. தோல் தடித்தவன் நான். நசீரா அப்படியில்லை. பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வந்தவள் அவள். ஒரு தாய் வந்து வாசலில் நின்றபடியே சொன்னாள், "பொய் சொல்லி உம்றாப் பேர் எடுத்த ஆள்ட்ட எப்படி ஓத உட்ற?" அடுத்த கிழமை பாதிப் பிள்ளைகள் இல்லை. மாத முடிவில் ஒருவரும் இல்லை.

மச்சானின் கடைக்குப் போனேன்.

"நீங்க சொன்னதுதான் பொய் என்டு நீங்களே சொல்லிப் போட்டா முடிஞ்சிரும்."

"பொறுங்க மச்சான், ஊர் மறந்திரும். பள்ளிக்குள்ள நிண்டு நான் பொய் சொன்னன் என்டு சொல்லவா? எண்ட மரியாத என்னாகிற?"

"பள்ளிக்குள்ள நிண்டுதானே சொன்னீங்க?"

"மகள்ட கலியாணம் முடியட்டும். பொறகு பாப்பம்."

நசீரா ஏரியில் கேட்ட துஆ பலித்தது. நல்ல இடம் சரிவந்தது, கலியாணம் சிறப்பாக முடிந்தது. நசீரா அடுப்படியில் நின்று வேலை செய்தாள், சபைக்கு வரவில்லை. மச்சான் இன்னும் வாய் திறக்கவில்லை.

இப்போது அஸருக்குப் பிறகு எங்கள் விறாந்தையில் சத்தமே இல்லை. பாய்கள் சுருட்டியபடி கிடக்கின்றன. பிள்ளைகள் ஓதும் இரைச்சலில் டிவி கேட்கவில்லை என்று நான் ஏசிய காலம் ஒன்று இருந்தது. தோணியில் கேட்ட சிரிப்பும் போயிற்று, முந்தானைக்குள் சிரிக்கிற சிரிப்பும் போயிற்று. பொக்காரா என்ற பேரையே அவள் சொல்வதில்லை. அங்கே எடுத்த படங்களைத் தன் போனிலிருந்து அழித்துவிட்டாள், ஏதோ களவெடுத்த சாமான் போல. கட்டின புருசனோடு இரண்டு நாள் இருந்த படங்கள் அவை.

மச்சான், இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். வீட்டுக்கு வந்து காதுக்குள் சமாதானம் சொல்ல வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அதே மைக்கைப் பிடியுங்கள். நசீரா பொய் சொல்லவில்லை, சொன்னது நான்தான் என்று சொல்லுங்கள். நான் முதல் வரிசையில் இருப்பேன். செய்னம்பு மாமிக்கும் கேட்க வேண்டும், ஒலிபெருக்கியை எங்கள் வளவுப் பக்கம் திருப்பி வையுங்கள்.